நம் வீட்டுச் சம்பளம் எந்தக் கப்பலில் வருகிறது?

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டன. இரண்டுமே அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள். "குண்டு போட்டால் நாம் தப்புவோமா?" என்று கேட்காத வீடு இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் நாம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குண்டு எங்கோ தொலைவில் விழுந்து, நாம் உயிர் தப்பிவிட்டால், அடுத்த மாதம் அடுப்பு எரிவது எப்படி?

துறைமுகத்தின் மேலேயே விழுந்தால் தொழிலைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது. அல்லாஹ் காப்பானாக! நான் சொல்ல வருவது தொலைவில் நடக்கும் போரைப் பற்றி.

நம் ஊர் இதைப் பார்க்காத ஊர் அல்ல. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை கடற்படைத் தளத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. அதன் சிதைவை இன்றும் காணலாம். அதே நாளில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ஊர் மக்கள் காட்டுப்புறமாக ஓடினார்கள். பிரிட்டிஷ் கப்பற்படையும் ஆப்பிரிக்கக் கரைக்கு விலகிப்போய், 1944-இல்தான் இங்கே திரும்பியது. கப்பல் போனால் சுமை தூக்குபவருக்கும், கப்பலுக்கு மீனும் மரக்கறியும் கொடுப்பவருக்கும், உடுப்பு வெளுப்பவருக்கும் என்ன வேலை?

குண்டு விழாத வீடுகளையும் அந்தப் போர் தொட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நாம் உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் அரிசிக்குப் பங்கீடு வந்தது, கோதுமை மா வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று காலையில் பாண், இரவில் ரொட்டி என்று நாம் சாப்பிடுவதில் அந்தப் போருக்கும் ஒரு பங்கு உண்டு!

இன்று அந்த மாவை அரைக்கும் பிரீமா ஆலை நம் துறைமுகத்தின் கரையிலேயே நிற்கிறது. ஆனால் கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. டோக்கியோ சீமெந்து ஆலைக்கு வேண்டிய கிளிங்கரும் கப்பலில்தான். புல்மோட்டைக் கனிம மணலோ கப்பலில் வெளியே போக வேண்டும். ஆலைத் தொழிலாளி, லொறிச் சாரதி, பேக்கரிக்காரர், மேசன் எல்லோருடைய கூலியும் ஏதோ ஒரு கப்பலில் மிதந்துகொண்டிருக்கிறது. 2022-இல் நம் நாட்டில் போர் எதுவும் நடக்கவில்லை. எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

அணு ஆயுதப் போர் அதைவிடக் கொடியது. எரியும் நகரங்களின் கரும்புகை வான்மேலே ஏறிச் சூரிய ஒளியை மறைக்கும், மழை குறையும், பயிர் விளையாது. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுகளால் போரிட்டால், உலகில் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பட்டினியால் இறக்கக்கூடும் என்று 2022-இல் வெளிவந்த ஓர் அறிவியல் ஆய்வு கணக்கிட்டது. அப்படி ஒரு நிலையில் எந்த நாடு தன் தானியத்தை விற்கும்? சம்பளம் கையில் இருந்தாலும் வாங்கப் பொருள் இருக்காது. சாப்பாட்டை உண்டாக்கத் தெரிந்தவருடைய தொழிலே தொழிலாகும்.

ஹிரோஷிமாவில் ஒரு செய்தி உண்டு. ஆண்கள் படைக்குப் போய்விட்டதால் அங்கே பள்ளி மாணவிகள் டிராம் வண்டி ஓட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 6-இல் குண்டு விழுந்தது; மூன்றாம் நாளே ஒரு சிறு பகுதியில் டிராம் ஓடத் தொடங்கியது. உயிர் பிழைத்த அந்தப் பிள்ளைகளில் சிலரும் அதில் பணியாற்றினார்கள். போர் முடிந்த அதே ஆண்டில் அவர்களுடைய பள்ளி மூடப்பட்டது. நெருக்கடியில் பெண்ணை வேலைக்கு அழைப்பதும், பிறகு வீட்டுக்கு அனுப்புவதும் உலகத்து வழக்கம் போலும்! ஆகவே நம் பெண்மக்களின் கைத்தொழில் பிறர் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் உழைப்பவர் யார் யார், அவர்கள் தொழில் எந்தக் கப்பலை நம்பியது என்று ஓர் இரவு உட்கார்ந்து பேசுங்கள். மீன்பிடிக் குடும்பமானால் இயந்திரம் இல்லாமல் துடுப்பாலும் பாயாலும் களப்பில் தொழில் செய்யத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? இருக்கும்போதே பிள்ளைகள் கற்கட்டும். மிஞ்சிய மீனைக் கருவாடாக்குவது உம்மாமார் அறிந்த கலை. தையல் மெஷின் வாங்குவதானால் மின்சாரம் இல்லாமலும் ஓடும் கால்மெஷினே நல்லது. ஆனால் நூலும் துணியும் இறக்குமதிதான் என்பதை நினைவில் வையுங்கள். பன் பாய் இழைக்கும் கைகளுக்கு அந்தக் கவலையும் இல்லை. வளவில் மரவள்ளி, முருங்கை, இரண்டு ஆடு இருந்தால் சும்மா இருக்கும் நிலமும் சம்பாதிக்கும். நகை எல்லாவற்றையும் அடகுக் கடையில் வைத்துவிட்டு நெருக்கடியை எதிர்பார்க்காதீர்கள்.

மூதூர், கிண்ணியா வீடுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போன சகோதரிகளின் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சொல். 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான இலங்கைப் பணிப்பெண்கள் ஒரே நாளில் வேலையற்றவர்களானார்கள். பாலைவனம் கடந்து வந்தவர்கள் பலர். 1991-இல் ஐ.நா. இழப்பீட்டு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. போரால் அங்கிருந்து வெளியேறியவர் என்று காட்டினால் ஒருவருக்கு 2,500 டொலர். வேறு கோரிக்கை எதுவும் இல்லையென்றால் 4,000 டொலர். பெரிய வழக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அங்கே இருந்ததற்கும் வெளியேறியதற்கும் ஒரு சான்று போதும். அந்தச் சான்றுதான் சிக்கல்! பாஸ்போர்ட் எஜமானரின் அலுமாரியில் இருந்தால் என்ன செய்வது?

எனவே விமானம் ஏறுமுன்பே பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு ஆகியவற்றின் நகல் இரண்டு எடுங்கள். ஒன்று உம்மாவிடம், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். தொலைபேசியில் படமாக மட்டும் வைத்திருந்தால், மின்சாரம் நின்ற அன்று அதுவும் நின்றுவிடும். நகலின் பின்பக்கத்தில் எஜமானரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, மாதச் சம்பளம், கடைசியாகப் பணம் அனுப்பிய தேதி ஆகியவற்றை மையால் எழுதி, ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதியை மாற்றிக்கொண்டே வாருங்கள்.