கலங்கரை விளக்கமும் மனாராவும்

‘மனாரா’ என்னும் அரபுச் சொல் ‘நூர்’ என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. ஒளி இருக்குமிடம் என்பது அதன் பொருள். பள்ளிவாசலின் கோபுரத்தையும் கடலோர விளக்குக் கோபுரத்தையும் அரபியர் இச்சொல்லாலேயே குறித்தனர். தமிழர் இட்ட பெயர் கலங்கரை விளக்கம். கலங்களைக் கரைந்து, அதாவது கூவி, அழைக்கும் விளக்கம் என அதற்குப் பொருள் கூறுவர். தஞ்சை மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாரா, இவ்விரு பொருளையும் ஒருசேர நினைவூட்டுவது.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் பிரெஞ்சு ஆட்சியில் எழுந்தது. ஏறத்தாழ 29 மீட்டர் உயரமுள்ள அதன் விளக்கு 1836 ஜூலை முதல் நாள் ஏற்றப்பட்டது. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கொண்டுவந்தன. நங்கூரமிடத் தக்க இடத்தை இரவில் அறிவதற்கு இவ்வொளி இன்றியமையாததாயிற்று. 1979-இல் புதிய விளக்கம் அமைந்தபின் பழையது ஓய்வு பெற்றது.

இத்தகைய கட்டடத்தைச் சீரமைப்பதென்றால் வெள்ளையடிப்பதன்று. பழைய செங்கற்சுவர் சுண்ணாம்புக் காரையால் பிணைக்கப்பட்டது. உள்ளே புகும் ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். கடற்காற்றின் உப்பு அங்கேயே படிகமாகிச் செங்கல்லை உதிர்க்கும். ஆகவே எந்தப் பகுதி எக்காலத்தது, எக்காரையால் ஆனது என்பதை ஆவணங்களிலும் சுவரிலும் தேடியறிந்த பின்னரே கரண்டியைக் கையிலெடுக்க வேண்டும். அவ்வாவணங்களில் பெரும்பகுதி பிரெஞ்சு மொழியிலுள்ளமையால், அம்மொழி அறிந்த நம் இளைஞர்க்கு இங்கே பணி உண்டு.

தாமதத்தின் விலையை இந்நகரம் கண்டிருக்கிறது. 1866-இல் அமைந்த கப்பல் பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அதே கடற்கரையிலிருந்த மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியுடன் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. தோற்றம் மீண்டது, பழைய கொத்தர்களின் கைவேலை மீளவில்லை.

மதுரை சுல்தானகத்தையும் கண்டு சென்ற இப்னு பதூதா, அலெக்சாந்திரியாவின் மனாராவை 1326-இல் பார்த்தபோது அதன் ஒரு பக்கம் சிதைந்திருந்தது. 1349-இல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவும் இயலவில்லை. பின்னர் அவ்விடத்தில் காயித்பே கோட்டை எழுந்தது. அந்த மனாராவின் அமைப்பைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, அதை நேரில் அளந்தும் பார்த்தும் எழுதிவைத்த அரபுப் பயணிகள் தந்தது. புதுச்சேரி விளக்கமோ இன்னும் நிற்கிறது. அது நிற்கும்போதே அதனை அளந்து, வரைந்து, அதன் வரலாற்றைத் தமிழில் எழுதிவைப்பது நம் தலைமுறையின் கடமை.