மேகங்களுக்கிடையே ஒரு சந்திர கிரகணம்

வானத்தை ஆராய விரும்புவோர்க்கு மேகமூட்டத்தினும் பெரிய இடையூறு இல்லை. பிற விஞ்ஞானத் துறைகளில் ஒரு சோதனை தவறினால் மறுநாள் அதனைத் திரும்பவும் செய்து பார்க்கலாம். வான நிகழ்ச்சியோ எவர்பொருட்டும் காத்திருப்பதில்லை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது, நாட்டின் பல பகுதிகளில் இவ்விடையூறு நேர்ந்தது. அதனை எதிர்கொள்ளப் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் கையாண்ட முறையை வான ஆர்வலர் யாவரும் அறிதல் நன்று.

கிரகணம் நிகழும் வேளையைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கணித்துவிடலாம். பூமியின் கருநிழல் இரவு 9 மணி 57 நிமிடத்திற்குச் சந்திரனைத் தொடும். 11 மணி 1 நிமிடம் முதல் 82 நிமிட நேரம் சந்திரன் முழுவதும் நிழலினுள் அமிழ்ந்திருக்கும். பின்னிரவு 1 மணி 26 நிமிடத்திற்கு நிழல் அறவே நீங்கும் என்பதெல்லாம் முன்னரே தெரிந்திருந்தன. ஆயினும் அவ்வேளையில் வானம் தெளிந்திருக்குமா என்பதை அத்துணைத் துல்லியமாகக் கூற இயலாது. பெங்களூரில் மிகுதியாக மழை பெய்யும் மாதங்களுள் செப்டம்பரும் ஒன்று. தென்மேற்குப் பருவமழை முற்றிலும் விலகாத காலம் அது.

எனவே அந்நிறுவனம் ஓரிடத்து வானத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. பெங்களூர், தமிழ்நாடு, லடாக் ஆகிய இடங்களிலுள்ள தன் வளாகங்களில் தொலைநோக்கிகளைச் சந்திரனை நோக்கித் திருப்பி, அவற்றில் தெரிந்த காட்சியை இணையத்தின் வாயிலாக நேரடியாக ஒளிபரப்பியது. ஓரிடத்தை மேகம் மறைத்தாலும் மற்றோரிடத்துக் காட்சி மக்களுக்குக் கிட்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து. தொலைவிலுள்ள வானத்தைப் பெங்களூரின் அருகிலிருந்து காண்பது இந்நிறுவனத்திற்குப் புதிதன்று. லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லேயில் அமைந்த 2 மீட்டர் தொலைநோக்கி, பெங்களூரையடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்கப்பட்டு வருகிறது.

பல இடங்களிலிருந்து நோக்கும் இம்முறையின் சிறப்பை வரலாறும் எடுத்துக்காட்டுகிறது. சூரியனின் குறுக்கே வெள்ளி கடப்பதைக் காண, லெ ஜான்டீ என்னும் பிரெஞ்சு வானநூல் அறிஞர் 1760-இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். இடையில் அந்நகரை ஆங்கிலேயர் கைப்பற்றியமையால், 1761-ஆம் ஆண்டு நிகழ்ச்சியின்போது அவர் நடுக்கடலில் இருக்க நேர்ந்தது. அடுத்த நிகழ்ச்சிக்காக எட்டு ஆண்டுகள் கீழ்நாடுகளிலேயே தங்கினார். 1769 ஜூன் 4-ஆம் நாள் காலை புதுச்சேரியில் சூரியனை மேகம் மூடிவிட்டது. நிகழ்ச்சி முடிந்தபின் வானம் தெளிந்தது. அவர் முன்னர்த் தங்கியிருந்த மணிலாவிலோ அன்று வானம் தெளிவாக இருந்தது. அத்தனிமனிதரின் உழைப்பு வீணாயிற்று எனினும், டஹிட்டித் தீவு முதல் ஹட்சன் விரிகுடா வரை பலர் பல இடங்களில் நோக்கியிருந்தமையால், சூரியனின் தொலைவைக் கணக்கிடும் பணி தடைப்படவில்லை.

இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் மேகத்தின் ஆதிக்கம் குறையவில்லை. 2009 ஜூலை 22-இல் முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பீகாரிலுள்ள தாரேக்னாவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மேகம் சூரியனை மறைத்தது. பகல் இருண்டதை உணர்ந்ததே அவர்கள் பெற்ற பயன்.

சந்திர கிரகணத்தில் இத்துணை ஏமாற்றத்திற்கு இடமில்லை. முழுச் சூரிய கிரகணம் ஓரிடத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். 2025-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்திலோ கருநிழல் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் சந்திரன்மீது படிந்திருந்தது. மேகங்களிடையே பத்து நிமிட இடைவெளி கிடைத்தாலும் பயனுள்ள குறிப்பு எழுதலாம். இதற்கு வெறுங்கண்ணே போதும். கண்ணுக்குத் தீங்கும் இல்லை. மறைந்த சந்திரனின் ஒளியையும் நிறத்தையும் 0 முதல் 4 வரை மதிப்பிடும் அளவுமுறையொன்றைப் பிரெஞ்சு அறிஞர் டான்ஜோன் வகுத்தார். பூமியின் வாயுமண்டலத்தில் தூசு மிகுந்தால் சந்திரன் கருத்துத் தோன்றும். 1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினடூபோ எரிமலை வெடித்த பின்னர், 1992 டிசம்பரில் நிகழ்ந்த கிரகணம் மிக இருண்டிருந்தது இதற்குச் சான்றாகும். மெல்லிய மேகமும் ஒளியைக் குறைக்குமாதலால், நோக்குவோர் நேரத்தையும் இடத்தையும் குறிப்பதோடு மேகத்தின் நிலையையும் தவறாது குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்காத மதிப்பீடு, வாயுமண்டலத்துத் தூசைப் பற்றித் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

இந்தியா முழுவதும் காணத்தக்க அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31-இல் நிகழும். பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் காலமாதலால் வானம் தெளிந்திருக்கும் என எதிர்பார்க்கலாம். எனினும் பள்ளிகளும் வான ஆர்வலர் குழுக்களும் வேற்றூர் நண்பர்களோடு முன்கூட்டியே தொடர்பு கொண்டு, ஒரே முறையில் குறிப்பெழுத உடன்பாடு செய்துகொள்வது நலம். ஓரூரில் மேகம் மறைத்த வேளையின் குறிப்பை மற்றோரூரார் எழுதி வைத்திருப்பர்.