உரக்கக் கத்தினால் போதுமா? டிரோனும் வானொலி அலைகளும்

விளையாட்டுத் திடலின் ஒரு கோடியில் நிற்கும் தோழியை மறுகோடியிலிருந்து அழைக்கிறீர்கள். அவள் காதில் விழவில்லை. உடனே என்ன செய்வீர்கள்? இன்னும் உரக்கக் கத்துவீர்கள். சற்றுச் சிந்தித்தால் வேறு வழிகளும் உண்டென்பது புலப்படும். கைகளை வாயருகே குவித்து அழைக்கலாம். அவளும் காதருகே கையைக் குவித்துக் கேட்கலாம். இடையிலுள்ள சுவரை விட்டு விலகி, மேடை மீது ஏறி நிற்கலாம். சொற்களை அவசரமின்றி, ஒவ்வொன்றாக உச்சரிக்கலாம். இவற்றுள் எதற்கும் தொண்டை வற்றக் கத்த வேண்டியதில்லை.

வானில் பறக்கும் டிரோனுக்கும் தரையில் நின்று அதை இயக்குபவருக்கும் இடையே நடப்பதும் இத்தகைய ஓர் உரையாடல்தான். ஒலிக்குப் பதிலாக அங்கே வானொலி அலைகள் பேசுகின்றன. அந்த உரையாடல் நெடுந்தொலைவுக்கு அறுபடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு உரையாடல்கள்

டிரோன்களில் எஃப்.பி.வி. என்று ஒரு வகை உண்டு. அதன் முகப்பில் ஒரு சிறு காமிரா இருக்கும். இயக்குபவர் கண்களை முழுவதும் மூடும் ஒரு கண்ணாடிக் கருவியை அணிந்துகொள்வார். காமிரா காண்பதை அக்கணமே அவரும் காண்பார். தாமே அந்த டிரோனுக்குள் அமர்ந்து பறப்பதுபோல் அவருக்குத் தோன்றும்.

இங்கே இரண்டு உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. தரையிலிருந்து மேலே செல்வது கட்டளை. இதற்குப் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளோ, 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளோ பயன்படுகின்றன. மேலிருந்து கீழே வருவது படம். இது பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் வருகிறது. கட்டளை என்பது சில எண்கள் மட்டுமே. படமோ வினாடிக்குப் பல முறை மாறும் ஒரு பெரிய செய்தி. ஆகவே தொலைவு கூடும்போது பெரும்பாலும் முதலில் தடுமாறுவது படம்தான்.

படம் மறைந்தால் கண்ணாடி அணிந்தவருக்கு உலகமே இருண்டுவிடும். சுழலும் இறக்கைகளையுடைய ஒரு பொருள் எங்கோ மேலே இருக்கிறது. அதன் கீழே யார் நடந்து போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனவே சிக்னல் வலுவாக இருப்பது பொழுதுபோக்கைச் சேர்ந்த காரியம் மட்டுமன்று. கீழே நடப்பவரின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

திறனைக் கூட்டினால்?

புதிதாகக் கற்பவர் எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்ணம், அனுப்பும் கருவியின் திறனைக் கூட்டிவிடலாம் என்பதே. ஆனால் இயற்கை இதில் கண்டிப்பான கணக்குப்பிள்ளை. தடையற்ற வெளியில் அலை பரவும்போது, தொலைவு இருமடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹரால்டு ஃபிரீஸ் என்ற பொறியாளர் 1946 ஆம் ஆண்டில் இக்கணக்கை ஓர் எளிய சூத்திரமாக எழுதித் தந்தார்.

அதன்படி பாருங்கள். 25 மில்லிவாட் திறனில் ஒரு டிரோனின் படம் 500 மீட்டர் வரை நன்றாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1 கிலோமீட்டர் எட்ட வேண்டுமானால் 100 மில்லிவாட் தேவை. 2 கிலோமீட்டருக்கு 400 மில்லிவாட். 4 கிலோமீட்டருக்கு 1,600 மில்லிவாட்! தொலைவு எட்டு மடங்கு கூடுவதற்குள் திறன் அறுபத்து நான்கு மடங்கு ஆகிவிட்டது.

இதற்கு வேறு விலைகளும் உண்டு. கருவி கடுமையாகச் சூடாகும். மின்கலம் விரைவில் தீரும். அருகில் பறக்கும் மற்றவர்களின் படங்களும் கெடும். டிரோன் பந்தயங்களில் அனைவரும் 25 மில்லிவாட் போன்ற குறைந்த திறனிலேயே பறப்பது வழக்கம். ஒருவர் கத்தத் தொடங்கினால் வகுப்பில் யார் பேச்சும் கேட்காதல்லவா? அது போலத்தான். சட்டமும் இதில் தலையிடுகிறது. உரிமமின்றி எந்த அலைவரிசையில் எவ்வளவு திறன் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் வரம்பு உண்டு.

ஆன்டெனாவின் அருமை

திறனைக் கூட்டாமலே தொலைவைக் கூட்டும் முதல் வழி, ஆன்டெனாவைக் கவனிப்பது. சாதாரணக் குச்சி ஆன்டெனாவிலிருந்து அலைகள் மெதுவடையின் வடிவில் பரவுகின்றன. வடையின் துளை வழியே குச்சியைச் செருகியதாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அலை நிறைந்திருக்கும். குச்சியின் நுனி நோக்கும் திசையிலோ ஏறக்குறைய ஒன்றுமே இராது. பலர் துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் நுனியை டிரோனை நோக்கி நீட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய பிழை இல்லை. குச்சியின் பக்கவாட்டுப் பகுதியே டிரோனைப் பார்க்க வேண்டும்.

அலைகளை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்களும் உண்டு. நம் பெற்றோர் வீட்டு மொட்டைமாடிகளில் மீன் முள்ளைப்போல் நின்ற தொலைக்காட்சி ஆன்டெனா அவ்வகையைச் சேர்ந்ததே. ஜப்பானியப் பேராசிரியர்களான உடாவும் யாகியும் 1926 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த வடிவம் அது. எஃப்.பி.வி. பறப்போர் தட்டையான சிறு பலகை போன்ற ஆன்டெனாவைப் படம் வாங்கும் கருவியில் பொருத்துகிறார்கள். அது சாதாரண ஆன்டெனாவைவிட நான்கு மடங்கு வலுவாகச் சிக்னலை வாங்குமானால், தொலைவு இருமடங்காகும். ஆனால் கைவிளக்கின் ஒளியைப்போல் அது ஒரு பக்கம்தான் பார்க்கும். டிரோன் முதுகுப்புறம் சென்றால் கைவிட்டுவிடும். ஆகவே, எல்லாத் திசைகளிலும் கேட்கும் ஓர் ஆன்டெனாவையும் உடன் வைத்து, இரண்டில் தெளிவானதைக் கருவியே தேர்ந்துகொள்ளுமாறு செய்கிறார்கள்.

டிரோனின் உடலாகிய கார்பன் இழைச் சட்டம் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அலைகளை மறைக்கும். அதன் ஆன்டெனா சட்டத்தையும் மின்கலத்தையும் விட்டு விலகி நிற்பது அவசியம். இன்னொன்று: ஆன்டெனா பொருத்தாமல் அனுப்பும் கருவியை இயக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் கருவியையே எரித்துவிடக்கூடும்.

திருகி வரும் அலை

டிரோன் வளைந்தும் கவிழ்ந்தும் பறக்கும்போது அதன் ஆன்டெனாவும் சாய்கிறது. இதனால் சிக்னல் குன்றாதிருக்க, அலையைத் திருகாணியின் மரைபோல் சுழற்றி அனுப்பும் ஆன்டெனாக்கள் பயன்படுகின்றன. வலப்பக்கம் சுழல்வதும் உண்டு, இடப்பக்கம் சுழல்வதும் உண்டு. வலமரை ஆணிக்கு வலமரைத் திருகே பொருந்துவதுபோல், அனுப்புவதும் வாங்குவதும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். சுவரில் ஒருமுறை பட்டுத் திரும்பும் அலை தன் சுழற்சியை மாற்றிக்கொள்ளும். ஆதலால் எதிரொலியாக வரும் அலையை ஆன்டெனா பெருமளவு ஒதுக்கிவிடும், படம் தெளிவாகும்.

தடையற்ற பாதை

5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். மரத்தின் ஈர இலைகளும், கட்டடங்களும், ஏன், நம் உடலும்கூட அதைத் தடுக்கும். டிரோன் கண்ணுக்கு நேராக இருந்தால் மட்டும் போதாது. அலைக்கு அந்த நேர்கோட்டைச் சுற்றிலும் இடம் வேண்டும். 1 கிலோமீட்டர் தொலைவில் டிரோன் இருக்கும்போது, நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வெளி திறந்திருந்தால் நல்லது. ஆகவே வாங்கும் ஆன்டெனாவை ஓர் உயரமான தாங்கியில் வைப்பது, திறனை இருமடங்காக்குவதைவிடப் பல வேளைகளில் மிகுந்த பயனைத் தருகிறது.

நிதானமாகப் பேசுதல்

கட்டளை அனுப்பும் நவீனக் கருவிகளில் வினாடிக்கு எத்தனை முறை செய்தி செல்ல வேண்டும் என்பதை நாமே மாற்றலாம். 500 முறை அனுப்பினால் டிரோன் மின்னலாய்ப் பணியும். 50 முறை அனுப்பினால் சற்றுத் தாமதிக்கும். ஆனால் ஒவ்வொரு செய்தியும் நிறுத்தி நிதானமாகச் சொல்லப்படுவதால் இரைச்சலுக்கிடையிலும் பிரித்தறியப்படும். அதனால் நெடுந்தொலைவு எட்டும்.

இதற்கு ஓர் அற்புதமான சான்று உண்டு. 1977 ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா ஏவிய வாயேஜர்-1 விண்கலம் இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் செல்கிறது. அதன் அனுப்பும் கருவியின் திறன் சுமார் 23 வாட் மட்டுமே. ஓர் இரவு விளக்கைவிடச் சற்று அதிகம். எனினும் அதன் குரல் நமக்குக் கேட்கிறது. எப்படி? விண்கலத்தில் 3.7 மீட்டர் அகலமுள்ள கிண்ண ஆன்டெனா பூமியையே நோக்கியிருக்கிறது. பூமியில் 70 மீட்டர் அகலமுள்ள கிண்ணங்கள் செவிமடுக்கின்றன. விண்கலமும் மிக மெதுவாகவே பேசுகிறது. அங்கே வென்றது குரலின் வலிமை அன்று. குவித்துப் பேசியதும், பொறுமையாகக் கேட்டதுமே.

பறக்கும் முன்

இவற்றையெல்லாம் செய்தாலும் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஓர் எல்லை உண்டு. பறப்பதற்கு முன் தரையிலேயே, திறனை மிகக் குறைத்து வைத்து, நடந்து சென்று சோதிக்க வேண்டும். கட்டளை அறுந்தால் டிரோன் என்ன செய்ய வேண்டும், மோட்டாரை நிறுத்துவதா அல்லது புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதா என்பதை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். இணைப்பின் தரத்தைக் காட்டும் எண் குறையத் தொடங்கியதும் திரும்பிவிடுவதே அறிவுடைமை. திரும்பும்போது டிரோனின் உடலே ஆன்டெனாவை மறைக்கக்கூடும். கடைசி நொடிவரை காத்திருப்பவர் அந்தத் திருப்பத்தில்தான் டிரோனை இழக்கிறார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் டிரோன் கேட்டால், எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் கடைக்காரரிடம் விசாரிக்க வேண்டாம். எங்கே பறக்கலாம் என்பதையும் கேளுங்கள். நம் நாட்டின் 2021 ஆம் ஆண்டு டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்துள்ளன. கண்ணாடி அணிந்து பறப்பவர் அருகே, வெறுங்கண்ணால் டிரோனைக் கவனித்து எச்சரிக்க இன்னொருவர் எப்போதும் நிற்க வேண்டும்.

தோழிகளே, நம் குரல் எட்டவில்லை என்று தோன்றும்போதெல்லாம் குரலை உயர்த்துவதே நம் முதல் நினைவாக இருக்கிறது. டிரோனோ நமக்கு வேறு வரிசையைக் கற்றுத் தருகிறது. முதலில் சரியான திசையை நோக்கு, இடையிலுள்ள தடையை அகற்று, நிதானமாகச் சொல், நன்றாகக் கேள். இவை அனைத்தும் செய்த பின்னும் போதவில்லையானால், அப்போது குரலைச் சற்றே உயர்த்து.