தடுக்க அதிகாரம் இல்லை, கேள்வி கேட்க உண்டு: மாசசூசெட்ஸ் சுகாதார ஆணையம் கூடுவது எப்படி?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு விசாரணை நடக்கும். நடப்பது நீதிமன்றத்தில் இல்லை. பல ஆண்டுகள் இது சஃபோக் பல்கலைக்கழக சட்டக் கல்லூரியின் அரங்கில்தான் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெரிய மருத்துவமனைக் குழுமங்கள், காப்பீட்டு நிறுவனங்களின் தலைவர்கள் வந்து உட்காருவார்கள். அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: மருத்துவச் செலவு ஏன் இப்படி ஏறுது? அவர்கள் சொல்லும் பதில் வெறும் பேச்சு அல்ல, சத்தியப் பிரமாணத்தின் கீழ் தரும் சாட்சியம். மாநில அட்டர்னி ஜெனரல் குறுக்கு விசாரணையும் செய்யலாம். பொதுமக்கள் நேரில் போய்ப் பார்க்கலாம், செல்போனில் நேரலையிலும் பார்க்கலாம்.

இதை நடத்துவது மாசசூசெட்ஸ் சுகாதாரக் கொள்கை ஆணையம். 2012இல் ஆளுநர் டெவல் பேட்ரிக் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் உருவான அமைப்பு. அந்தச் சட்டப்படி 11 உறுப்பினர்கள். ஆளுநர், அட்டர்னி ஜெனரல், மாநிலத் தணிக்கையாளர் ஆகிய மூவருக்கும் நியமிக்கும் அதிகாரத்தை அது தந்தது.

அப்படி என்ன அதிகாரம்?

பெயரைக் கேட்டால் பெரிய அதிகாரம் படைத்த அமைப்பு மாதிரி இருக்கும். உண்மையில் கையில் இருப்பது கொஞ்சம்தான். இரண்டு மருத்துவமனைகள் இணைவதை ஆணையத்தால் தடுக்க முடியாது. ஒரு ஸ்கேனுக்கு இவ்வளவுதான் வாங்கணும் என்று விலை நிர்ணயிக்கவும் முடியாது.

மாநிலத்தின் மொத்த மருத்துவச் செலவு ஓராண்டில் எவ்வளவு வளரலாம் என்று ஓர் இலக்கு வைக்கும். 2013 முதல் 2017 வரை 3.6 சதவீதம், 2018 முதல் 2022 வரை 3.1 சதவீதம், 2023இல் மறுபடியும் 3.6. இலக்கைத் தாண்டும் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செலவைக் குறைக்க திட்டம் கொடு என்று கேட்கலாம். கொடுக்காவிட்டால், 2012 சட்டப்படி அதிகபட்ச அபராதம் 5 லட்சம் டாலர். ஆயிரக்கணக்கான கோடி டாலர் புழங்கும் துறையில் இது டீ செலவு.

ஆகவே ஆணையத்தின் நிஜமான ஆயுதம், விஷயத்தை எல்லோர் கண் முன்னாலும் கொண்டுவந்து வைப்பதுதான். அதனால்தான் அது எப்படிக் கூடுகிறது, யார் பேசலாம், எதை மூடி வைக்கலாம் என்ற விதிகள் இங்கே முக்கியம் ஆகின்றன.

48 மணி நேரம் முன்னாடி

மாசசூசெட்ஸ் திறந்த கூட்டச் சட்டப்படி, குறைந்தது 48 மணி நேரம் முன்பே கூட்ட அறிவிப்பை வெளியிட வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை இந்தக் கணக்கில் சேராது. வெள்ளி சாயங்காலம் அறிவித்துவிட்டு திங்கள் காலையில் கூட்டம் போடும் வேலை எல்லாம் நடக்காது. என்னென்ன பேசப் போகிறார்கள் என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

கூட்டத்துக்கு வெளியேதான் இந்தச் சட்டத்தின் பிடி இன்னும் இறுக்கம். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஆணைய விவகாரம் ஒன்றைப் பற்றி இமெயிலில் கருத்துப் பரிமாறினால் அதுவே ‘ஆலோசனை’ ஆகிவிடும். அறிவிப்பு இல்லாமல் நடந்த ஆலோசனை சட்டமீறல். தேதி குறிக்கலாம், ஆவணங்களை அனுப்பி வைக்கலாம். ஆனால் ‘எனக்கு இது சரியாப் படலை’ என்று ஒருவர் எல்லோருக்கும் ரிப்ளை போட்டால் சிக்கல்தான். வாட்ஸ்அப் குரூப்பிலேயே முடிவெடுத்துவிட்டு மீட்டிங்கில் கை தூக்கும் பழக்கம் எந்த அலுவலகத்தில் இல்லை? அதைத்தான் இந்த விதி தடுக்கப் பார்க்கிறது.

கூட்டத்தைப் பார்க்க வருபவர், தலைவரிடம் சொல்லிவிட்டு ஆடியோவோ வீடியோவோ பதிவு செய்யலாம். உறுப்பினர் ஒருவர் ஆன்லைனில் கலந்துகொண்டாலும், ஒவ்வொருவர் பெயரையும் வாசித்துத்தான் வாக்கு பதிவாகும். யார் எந்தப் பக்கம் என்பது மறையாது.

ஆண்டு விசாரணைக்கு இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. பல வாரங்கள் முன்பே மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் எழுத்தில் கேள்விகள் போகும். பதில்கள் இணையதளத்தில் வெளியாகும். மேடையில் நடப்பது சில நேரம் நாகரிகமான கருத்தரங்கு போலவே போய்விடும். விவரம் தேடுபவர்கள் படிக்க வேண்டியது இந்த எழுத்துப் பதில்களைத்தான்.

பார்க்கலாம், பேசலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். மாசசூசெட்ஸ் சட்டம் தருவது கூட்டத்தைப் பார்க்கும் உரிமை. பேசும் உரிமை அதில் இல்லை. தலைவர் அனுமதித்தால்தான் பேசலாம்.

இலக்கை மாற்றலாமா என்று முடிவெடுக்கும் முன் நடக்கும் பொது விசாரணை போன்றவற்றில் கருத்து சொல்ல வழி உண்டு. ஆனால் வழக்கமான கூட்டத்துக்கு ஒரு நர்ஸோ, பிரீமியம் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பமோ வந்தால், தலைவர் வாய்ப்புத் தராவிட்டால் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே மாநில அமைப்புகளுக்கான திறந்த கூட்டச் சட்டம் 10 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒவ்வொரு விஷயத்தின் மீதும் பொதுமக்கள் பேச வாய்ப்புத் தரணும். மாசசூசெட்ஸைப் பார்த்து அந்த மாநிலமும் 2022இல் செலவைக் கட்டுப்படுத்த ஓர் அலுவலகம் தொடங்கியது. மான்டரே வட்டார ஆசிரியர்களும் பிற தொழிலாளர்களும் அதன் கூட்டங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, தங்கள் ஊர் மருத்துவமனைக் கட்டணம் பற்றிப் பேசினார்கள். 2024இல் வாரியமே அந்த வட்டாரத்துக்குப் போய்க் கூடியது. 2025இல், செலவு மிக அதிகம் என்று அது 7 மருத்துவமனைகளை அடையாளம் கண்டு மற்றவர்களைவிடக் கடுமையான இலக்கு வைத்தது. அதில் மான்டரே வட்டார மருத்துவமனைகளும் இருந்தன. பேசியதால் மட்டுமே நடந்தது என்று சொல்ல முடியாது, கையில் தரவும் இருந்தது. ஆனாலும் வாரியத்தை அந்த ஊர் வரை வரவழைத்தது அந்தக் குரல்கள்தான்.

கதவு மூடும் நேரம்

எல்லாமே வெளிச்சத்தில் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மூடிய அமர்வுக்குச் சட்டம் 10 காரணங்களை ஒப்புக்கொள்கிறது. அதற்கும் முதலில் திறந்த கூட்டமாகத் தொடங்கி, காரணம் சொல்லி, பெயர் வாசித்து வாக்கெடுத்த பிறகுதான் உள்ளே போக முடியும். அதோடு, மருத்துவமனைகள் தரும் நிதி, வியூக ஆவணங்களை ஆணையம் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். பொது நலன் கருதி வெளியிட இடமுண்டு. முடிவு ஆணையத்தின் கையில்.

2022 ஜனவரி 25 அன்று அந்த வெளிச்சத்தின் பலம் தெரிந்தது. மாநிலத்தின் மிகப் பெரிய குழுமமான மாஸ் ஜெனரல் பிரிகாம், செலவுக் குறைப்புத் திட்டம் தர வேண்டும் என்று ஆணையம் ஒருமனதாக வாக்களித்தது. 2014 முதல் 2019 வரை அந்தக் குழுமம் இலக்கைத் தாண்டிச் செலவை ஏற்றிய அளவு 29.3 கோடி டாலர் என்பது ஆணையத்தின் கணக்கு. இப்படி ஒரு உத்தரவு அமெரிக்காவிலேயே அதுதான் முதல் முறை. அதே ஆண்டு செப்டம்பரில் 18 மாதங்களில் 17.63 கோடி டாலர் மிச்சம் பிடிக்கும் திட்டம் ஒப்புதல் பெற்றது.

அதே குழுமம் பார்ட்னர்ஸ் என்ற பெயரில் இருந்தபோது சவுத் ஷோர் மருத்துவமனையைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தது. செலவு ஆண்டுக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் கூடும் என்று ஆணையம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. தடுக்கும் அதிகாரம் இல்லாத அறிக்கைதான். ஆனால் பொதுவெளியில் வந்த அந்தக் கணக்கு எதிர்ப்புக்கு வலு சேர்த்தது. 2015 ஜனவரியில் நீதிமன்றம் உடன்பாட்டை ஏற்க மறுத்தது; சவுத் ஷோர் திட்டம் கைவிடப்பட்டது.

தாள் கொடுக்காவிட்டால்?

ஸ்டூவர்ட் விவகாரத்தில் இந்த முறையின் ஓட்டை தெரிந்தது. மாசசூசெட்ஸில் பல மருத்துவமனைகளை நடத்திய அந்த லாப நோக்கு நிறுவனம், தாய் நிறுவனத்தின் முழு நிதி அறிக்கையை மாநிலத் தரவு மையத்துக்குத் தராமல் பல ஆண்டுகள் இழுத்தடித்தது, நீதிமன்றம் வரை போனது. கேள்வி கேட்க ஆணையம் இருந்தும், கேட்கத் தேவையான தாள் கையில் இல்லை.

2024 மே மாதம் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. ஆகஸ்ட் 31இல் கார்னி, நஷோபா வேலி ஆகிய இரு மருத்துவமனைகளும் மூடப்பட்டன. மூடுவதற்கு 120 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது மாநில விதி. கிடைத்தது ஒரு மாதம் சொச்சம். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. ஆனால் மூடலைத் தடுக்கும் அதிகாரம் அந்தத் துறைக்கும் இல்லை. அதாவது, முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்ட பிறகுதான் மக்கள் முன் மைக் வந்தது.

2025 ஜனவரியில் ஆளுநர் மாரா ஹீலி புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மருத்துவமனைகளுக்குப் பின்னால் இருக்கும் தனியார் முதலீட்டு நிறுவனங்களும், மருத்துவமனைக் கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் நிறுவனங்களும் இனி ஆணையத்தின் கண்காணிப்பு வட்டத்துக்குள் வருகின்றன. ஸ்டூவர்ட்டுக்குப் பின்னால் இருந்ததும் இதே மாதிரி ஆட்கள்தான்.

அதற்கடுத்த மார்ச்சில் தரவு மையம் வெளியிட்ட கணக்குப்படி, 2023இல் மாநிலத்தின் மருத்துவச் செலவு 8.6 சதவீதம் ஏறி 7,810 கோடி டாலர் ஆனது. அந்த ஆண்டுக்கு ஆணையம் வைத்த இலக்கு 3.6 சதவீதம்.