முகத்துவாரத்தை அறிந்து துடுப்பெடுப்போம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆறு நாள் இயந்திரங்களோடு போராடும் இளைஞர்கள், விடுமுறை நாளில் நண்பர்களுடன் நாடிச் செல்லும் நீர்ப்பரப்பு பழவேற்காடு. அண்மைக் காலமாக அவர்களிடையே 'கயாக்' என்னும் சிறுபடகின் மீது ஆவல் மிகுந்துள்ளது. ஆவல் நன்றே; ஆயினும் அந்நீரின் இயல்பை அறியாமல் இறங்கலாகாது.

கயாக் வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் கண்ட படகாகும். மிதந்து வரும் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, கடல்நாயின் தோலைப் போர்த்தி, ஒருவரே அமர்ந்து வேட்டைக்குச் செல்வர். இன்று அது பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகிறது. மேலே அமர்ந்து செலுத்தும் வகையில், ஏறிய நீர் வடிவதற்குத் துளைகள் உண்டு. நம் கட்டுமரத்தைக் கண்டவர்க்கு இது புதுமையன்று. மரங்களின் இடைவெளியில் அலைநீர் வடிந்துவிடுவதால் கட்டுமரம் நீர் நிறைந்து மூழ்குவதில்லை. அச்சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று என்பதையும் நினைவூட்டலாம்.

ஆகவே இத்தகைய படகில் முதல் ஆபத்து மூழ்குவதன்று. கவிழ்ந்தவர் படகைவிட்டு விலகி அடித்துச் செல்லப்படுவதே ஆகும். பழவேற்காட்டில் இது எங்கே நேரும்?

ஏரியின் பெரும்பகுதியில் ஆழம் மிகக் குறைவு; பல இடங்களில் இடுப்பளவுதான். அதனால் அச்சம் நீங்கிவிடுகிறது. ஆனால் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் வேறு உலகம். ஓதம் வற்றும் வேளையில் ஏரியின் நீர் குறுகிய அவ்வாய் வழியே விரைந்து கடலுக்குப் பாய்கிறது. எதிரே கரை நோக்கி வரும் அலைகள் அந்த ஓட்டத்தில் மோதிச் செங்குத்தாக எழுந்து உடைகின்றன. போதாக்குறைக்கு மணல் மேடுகளும் இடம் மாறுகின்றன. சென்ற ஆண்டு கண்ட வழி இவ்வாண்டு இருக்குமென்று நம்புவதற்கில்லை. அன்றைய நிலையை மீனவப் பெரியவர்களிடம் கேட்டறிவதே முறை.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 உயிர்கள் பறிபோயின. குடும்பமாகக் களிக்கச் சென்றவர்கள் அவர்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. மேலும் இவ்வேரி பறவைகளின் சரணாலயமாகவும் விளங்குகிறது. எனவே உரிய அலுவலகங்களின் இசைவைப் பெறாமல் படகை இறக்குவது தகாது. இசைவு கிட்டாதெனில், பயிற்றுநர்களைக் கொண்டு இவ்விளையாட்டு நடைபெறும் கோவளத்துக்கோ இராமேசுவரத்துக்கோ செல்லலாம்.

எங்கு சென்றாலும் மிதவைச் சட்டை இன்றியமையாதது. அதைப் படகில் வைத்திருந்தால் போதாது. அணிந்து, வார்களை இறுக்கியிருக்க வேண்டும். சிறுவர்க்குக் கால்களுக்கிடையே கட்டும் நாடா உள்ளதே ஏற்றது. இல்லையேல் சட்டை மேலே நிற்கப் பிள்ளை கீழே நழுவும். நீரில் நனைந்து கனக்கும் தளர்ந்த ஆடைகளும் ஆகா. சிப்பி ஓடுகள் பாதத்தைக் கிழிக்குமாதலால் காலணி வேண்டும்.

நண்பர்கள் கூட்டமாகச் செல்கையில், மெதுவாகச் செலுத்துபவரின் வேகமே அனைவரின் வேகமாக இருக்கட்டும். ஒருவர் கவிழ்ந்தால் அவர் தம் படகைப் பற்றிக்கொள்ள வேண்டும். தோழர் தம் படகைப் பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொள்ள, வீழ்ந்தவர் கால்களை உதைத்து மார்பால் படகின்மேல் ஏறுவார். இதை முன்னரே இடுப்பளவு நீரில் பலமுறை பழகியிருத்தல் அவசியம்.

எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இயற்கைப் பாறைகள் இல்லாவிடினும், துறைமுகத்திற்கென அடுக்கிய கருங்கற்கள் கடலுக்குள் நீண்டுள்ளன. கல்லில் மோதிய அலை திரும்பி வந்து, வரும் அலையோடு பொருதுகையில் நீர் ஒழுங்கின்றிக் குதிக்கும். அங்கு அனுபவசாலியும் தடுமாறுவார். வேடிக்கை பார்ப்பதற்குக்கூட நெருங்கலாகாது.

காற்றின் போக்கும் கருதத்தக்கது. அதிகாலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று படகை எளிதில் கடல்பக்கம் தள்ளிவிடும். செல்வது சுலபம், திரும்புவதே பாடு. கடற்காற்று வலுக்கும் பிற்பகலிலோ ஏரியிலும் அலை எழும்.

காற்று மிகுந்த நாளில் படகை எடுக்காவிட்டால் பயணம் வீணாயிற்றென்று வருந்த வேண்டியதில்லை. 1613-ல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையின் சுவடுகளும், சித்திர வேலைப்பாடு கொண்ட அவர்களின் கல்லறைகளும் ஊருக்குள்ளேயே உள்ளன. மலாய் மக்கள் இன்றும் கட்டும் லுங்கிக்குக் 'கைன் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது இவ்வூரின் பெயரே. நம் சமூகப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளையும் இங்கு வாங்கலாம்.