சோப்புக்கு ஆள் தெரியாது

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கையில் தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சோப்பைத் தேய்த்ததும் கதை மாறுகிறது. சோப்பு மூலக்கூறின் தலைப்பகுதி தண்ணீரோடு சேரும், வால்பகுதி எண்ணெயோடு சேரும். வால்களெல்லாம் எண்ணெய்க்குள் புதைய, தலைகள் வெளியே நின்று அதைச் சின்னஞ்சிறு துளிகளாகத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். எண்ணெயையும் தண்ணீரையும் இப்படிச் சேர்த்து வைப்பவைதான் பால்மமாக்கிகள்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. எது அழுக்கு எண்ணெய், எது தோலின் சொந்தக் கொழுப்பு என்று அந்த வாலுக்குத் தெரியாது. தோலின் மேலடுக்கு, ஒரு தாளின் தடிமன்கூட இல்லாத மெல்லிய அடுக்கு. அதன் செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரம்பியிருப்பதால்தான் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறாமல் நிற்கிறது. சோப்பு அழுக்கோடு சேர்த்து இந்தக் கொழுப்பிலும் கொஞ்சத்தைக் கழுவிவிடும்.

இன்னொன்று, காரம். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் செய்யும் சோப்புக்கோ 9 முதல் 10 வரை. காரம் பட்டால் மேலடுக்குச் செல்கள் உப்பும், கொழுப்பைப் புதுப்பிக்கும் நொதிகள் மந்தமாகும். நல்ல தோல் சில மணி நேரத்தில் தேறிவிடும். கரப்பான் என்ற தோல் அழற்சி உள்ள குழந்தையின் தோலுக்கு அந்தத் தெம்பு இல்லை. உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு வெள்ளை வெள்ளையாகத் திரிந்து தோலில் படிந்து, அரிப்பையும் கூட்டும்.

நுரை அதிகம் வந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதில் செய்த சோப்பில் நுரை பொங்கும், ஆனால் அது மென்மையான தோலை எரிக்கவும் செய்யும். அதே தேங்காய்க் கொழுப்பிலிருந்து செய்யும் சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் தோலின் புரதத்தை அவ்வளவாகத் தாக்காது, பிஎச் அளவையும் தோலுக்கு ஏற்ப வைக்கலாம். 'சின்டெட் பார்' என்று மருந்துக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இதில் செய்தவைதான்.

பால்மமாக்கி க்ரீமுக்குள் இருந்தாலும் கவனம் வேண்டும். பிரிட்டனில் கரப்பானுக்குக் காலங்காலமாகப் பூசிவந்த 'அக்வஸ் க்ரீம்' என்ற களிம்பில் சோடியம் லாரில் சல்பேட் என்ற பால்மமாக்கி உண்டு. கழுவாமல் விட்டால் அது எரிச்சல் தரலாம், குறிப்பாகக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் எச்சரித்தது.

வறண்ட தோல்காரர்கள் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போட்டால் போதும். கைகால்களுக்கு வெறும் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத களிம்பைப் பூசிவிடுங்கள்.