கையெழுத்தும் எழுத்தறிவும்

குழந்தையின் மனத்தில் எழுத்து எவ்வழியாகப் பதிகின்றது? கண்வழியாகவா, கைவழியாகவா? தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. பேரா மாநிலத் தமிழ்ப் பள்ளிகளுக்கோ இது மிகவும் இன்றியமையாத வினாவாகும்.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி வைத்தல் வேண்டும் என விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தினார். பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களுக்குப் பெயர்ந்தன. பள்ளிகள் சிலவும் இடம் பெயர்ந்தன. இன்று முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, தமிழெழுத்தோடு மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் உரிய ரோமன் எழுத்தையும் ஒருசேரக் கற்கின்றது. கடைப் பலகையிலும் கைப்பேசியிலும் அது மிகுதியாகக் காண்பது ரோமன் எழுத்தே. ஆகவே, தமிழெழுத்து வகுப்பறையில் வேரூன்றாவிடின் வேறிடத்தில் ஊன்றுவது அரிது.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லினர். கண், கை, வாய், செவி நான்கும் ஒரே வேளையில் தொழிற்பட்டன. 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இம்மணல் எழுத்தைக் கண்டு தம் இல்லத்திலும் புகுத்தினார். 1797-இல் அதனை இலண்டனில் நூல்வழி வெளியிட்டார். நம்மவர் முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு கடல் கடந்து பரவியது.

இக்கால ஆய்வும் இதற்குத் துணை நிற்கின்றது. அமெரிக்காவில் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்னும் இருவர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமே எழுதினர். சிலவற்றைக் கோட்டின்மேல் வரைந்தனர். சிலவற்றைத் தட்டச்சில் அழுத்தினர். பின்னர் அவ்வெழுத்துகளைக் கண்டபோது, படிப்பவர் மூளையில் இயங்கும் பகுதிகள் தாமே எழுதிய எழுத்துகளுக்கே நன்கு இயங்கின. ஆய்ந்தது ரோமன் எழுத்தையே எனினும், நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. புள்ளிக் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டுவது முதற்படியே, அதனோடு நின்றுவிடலாகாது. எழுத்தைப் பார்த்து, பின் மறைத்து, தானாக எழுதும்போதே குழந்தை அதனைத் தன்னுடையதாக்கிக் கொள்கின்றது.

247 எழுத்துகள் என்றதும் பெற்றோர் சிலர் மலைக்கின்றனர். அவற்றுள் 216 உயிர்மெய்கள். அவற்றில் பெரும்பாலானவை, மெய்யின் வடிவோடு கால், கொம்பு போன்ற குறிகள் சேர்ந்து அமைவன. உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளுக்கே தனிக் கவனம் வேண்டும். தமிழ்நாட்டு அரசின் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவை மாற்றி, இச்சுமையை மேலும் குறைத்தது.

எனவே, கை பழகும் வரையிலேனும் நெடுங்கணக்கு வரிசையை விடுத்து, வடிவ வரிசையைக் கைக்கொள்ளலாம். ‘அ’ முதலெழுத்தாயினும் எழுதுவதற்கு எளிதன்று. சுழியும் வளைவும் கோடும் ஒருங்கே உடையது. ‘ட’வோ இரண்டே கோடு. அதன் வலப்புறத்தே ஒரு கோட்டை மேலே உயர்த்தினால் ‘ப’. அவ்வலக்கோட்டை உள்ளே வளைத்தால் ‘ம’. இம்மூன்றும் தெரிந்தவுடனே ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று குழந்தை சொல்லையே எழுதிவிடும். எழுத்து பொருளுடையது என்பதையும் உணரும்.

மயக்கந்தரும் எழுத்துகளை ஒரே நாளில் கற்பித்தல் கூடாது. ‘ன’, ‘ண’ இரண்டையும் முறையே இரண்டு சுழி, மூன்று சுழி எனக் கையால் சுழித்தே வேறுபடுத்த வேண்டும். ‘ர’வுக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள சாய்கோடு. ‘கொ’ எழுதுகையில் ஒற்றைக்கொம்பு முன்னே வரினும் அதன் ஒலி மெய்க்குப் பின்னரே வருவதால், சொல்லிக்கொண்டே எழுதுதல் நன்று.

ஓரெழுத்தைப் பக்கம் நிறைய எழுதச் சொல்வதால் கை சோரும். மனமும் வேறெங்கோ திரியும். ஐந்து முறை கருத்தூன்றி எழுதியபின், நாளிதழின் ஒரு பத்தியில் அவ்வெழுத்தைத் தேடி வட்டமிடச் செய்தல் பயன்தரும். தாம் தமிழ் படித்திராத பெற்றோரும் இதில் பிள்ளையோடு அமரலாம். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டனார் தலைமுறை பெரிதும் விரும்பியது பிள்ளையின் எழுத்தறிவையே. அதற்கு நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்குதல் எந்த இல்லத்துக்கும் இயல்வதே.